கைபடாத மருந்து

இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

நாளைக் காலை பத்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் ஒரு புகாரில் கையெழுத்துப் போடுவார். புகார் நேராகப் போலீஸுக்குப் போகும். அவருடைய கடைக்கு இத்தனை காலமும் மருந்து கொடுத்துவந்த மொத்த வியாபாரி, அவருக்கு இருக்கும் ஒரே நண்பர், உள்ளே போவார்.

"போகட்டும்" என்றாள் கடைக்காரரின் மகள். "ஒரு உயிரோட விளையாடியிருக்கார். ஆதாரம் மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க டீச்சர்."

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. வேதியியல் பாடத்தை விட்டுவிட்டுத் துப்பறிய வந்து வெகுநாள் ஆகிறது. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அவருடைய உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவன் வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

"ஒரு தடவை முதல்லேர்ந்து சொல்லுங்கக்கா" என்றான் ரேடியோ. "டீச்சருக்கு எல்லாம் புரிஞ்சிருக்கும். நான் கடைசி பெஞ்ச்."

மகள் சொன்னாள். தையல்காரம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு எம்.ஜி. மாத்திரை ஒன்று சாப்பிட வேண்டும். வருடக்கணக்காக இந்தக் கடையில்தான் வாங்குகிறார். போன வாரம் வாங்கிய அட்டையில் இருந்தது ஐந்து எம்.ஜி. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஈறில் ரத்தம், உடம்பெல்லாம் கன்றிப்போன நீலம்.

"அப்பா சரியாத்தான் எடுத்தேங்கிறார். பெட்டி ஒரு எம்.ஜி. பெட்டிதானாம். உள்ள இருந்த அட்டையை யாரோ மாத்தி வச்சிருக்காங்களாம்."

"அந்தப் பெட்டி?"

"காலியாகிக் குப்பையில போயிடுச்சு."

"யாரோன்னா யாரு?"

மகள் கைக்குட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"மூணு மாசமா கம்பெனியே நேரடியா மருந்து அனுப்புது. நடுவுல மொத்த வியாபாரி கிடையாது. மாமாவுக்கு..." நிறுத்திக்கொண்டாள். "அவருக்குப் பிழைப்பே போச்சு. அந்த ஆத்திரம். மருந்து வந்த அன்னிக்குக் கடைக்குள்ள புகுந்து பெட்டியை நோண்டிக்கிட்டு இருந்திருக்கார். கம்பெனி ஏரியா மேனேஜர் கையும் களவுமா பிடிச்சார்."

"மாமான்னு கூப்பிடுவீங்களா?"

"சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல விட்டவர்" என்றாள் மகள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

*

கடை சின்னது. முன்னால் கண்ணாடிப் பலகை வைத்த மேஜை. பின்னால் கூரைவரை அலமாரிகள். உள்பக்க அலமாரிக்கு மேலிருந்த டியூப் லைட் எரியவில்லை. ஓரங்கள் கறுத்துப்போய் எப்போதோ செத்த லைட்.

கடைக்காரர் சலவைச் சட்டையில் இருந்தார். நெற்றிமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. அவர் டீச்சரைப் பார்த்துப் பேசவில்லை. டீச்சரின் காதைப் பார்த்துப் பேசினார். வெட்கப்படுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

"நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிட்டேன்" என்றார். "பெட்டி சரி. உள்ள இருந்தது தப்பு."

"உங்க நண்பர் இப்படிச் செய்வாரா?"

பதில் வருவதற்குள் ஒரு வாடிக்கையாளர் சீட்டுடன் வந்தார். கடைக்காரருக்கு உயிர் வந்தது.

"படிங்க" என்றார்.

வாடிக்கையாளர் சீட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பாடப்புத்தகம் வாசிக்கிற பையன்போல மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது கடையா, பள்ளிக்கூடமா?" என்றான் ரேடியோ.

"மருந்தய்யா கடையில அப்படித்தான் தம்பி" என்றார் வாடிக்கையாளர் பெருமையாக. "நாம என்ன சாப்பிடறோம்னு நமக்கே தெரியணும்பார். வேற எந்தக் கடையில இவ்வளவு அக்கறை?"

கடைக்காரர் உள் அலமாரிக்குப் போனார். அங்கே நல்ல இருட்டு. ரேடியோவும் பின்னாலேயே போய் ஒரு முக்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு "அம்மா" என்றான். கடைக்காரர் அந்த முக்காலியைச் சுற்றிக்கொண்டு போய், கையை நீட்டி, மூன்று மருந்தையும் எடுத்துக்கொண்டு திரும்பினார். ஒரு தடவைகூடத் தடவவில்லை.

"டீச்சர், நான் வெளிச்சத்துலேயே என் செருப்பைத் தேடறவன்" என்றான் ரேடியோ காலைத் தேய்த்துக்கொண்டே. "இவர் இருட்டுல மருந்து எடுக்கறார். வித்தைதான்."

"லைட் எத்தனை நாளா எரியல ஐயா?" என்று கேட்டார் டீச்சர்.

கடைக்காரர் மேலே பார்த்தார். "எரியலையா? காலையில எரிஞ்சுதே."

டீச்சர் அந்தக் கறுத்த ஓரங்களை இன்னொரு தடவை பார்த்தார். போனில் வெளிச்சம் போட்டுக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நுழைந்தார்.

மருந்துப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. சில பெட்டிகளில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. சிலவற்றில் இல்லை. பிரஷர் மாத்திரையில் ஒரு வரிசைக்கு உண்டு, பக்கத்து வரிசைக்கு இல்லை. சர்க்கரை மாத்திரையிலும் அப்படியே.

"சிலதுக்கு மட்டும் பெல்ட் போட்டிருக்கு" என்றான் ரேடியோ. "தொப்பை இருக்கறவங்களுக்கு மட்டும்போல."

"பெட்டி எல்லாம் சீல் போட்டது. திறந்துக்காது. அப்புறம் எதுக்கு ரப்பர் பேண்ட்?" டீச்சர் திரும்பிக் கேட்டார். "ஐயா, இது எதுக்கு?"

கடைக்காரர் கத்திரிக்கோலால் ஒரு அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். கத்திரி பாதியில் நின்றது.

"பழக்கம்" என்றார். பிறகு மீதியை வெட்டினார்.

டீச்சர் ரத்த மாத்திரை இருந்த தட்டுக்குப் போனார். மேல்தட்டில் ரப்பர் பேண்ட் போட்ட பழைய பெட்டிகள் இரண்டு. கீழ்த்தட்டில் பேண்ட் இல்லாத பெட்டிகள் ஏழெட்டு. வெளிச்சத்தைக் கீழ்த்தட்டின் பின்வரிசைவரை கொண்டுபோனார். அங்கிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தை அணைத்தார். பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற மகளிடம் வந்தார்.

"இதை நாளைவரைக்கும் நான் வச்சுக்கறேன். திருடலை, சொல்லிட்டுத்தான் எடுக்கறேன்."

"எடுத்துக்குங்க. ஏதாவது கிடைச்சுதா?"

"இன்னும் தெரியலம்மா" என்றார் டீச்சர். அவருடைய முகம் சரியாக இல்லை.

*

தையல்காரம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரத்தம் நின்றுவிட்டது, ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கை இரண்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கன்றியிருந்தன. டீச்சரைக் கண்டதும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"மாத்திரை நிறம் மாறியிருந்துச்சே, கவனிக்கலையாம்மா?"

"கவனிச்சேன்" என்றார் தையல்காரம்மா மெதுவாக. "எப்பவும் பழுப்பு. இந்தத் தடவை ரோஸ். நூல் நிறம் துளி மாறினாலே கண்டுபிடிக்கிறவ நான். இது தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"மருந்தய்யாகிட்ட போய்ச் சந்தேகம் கேக்கறதா? அவர் மனசு நோகாதா? கம்பெனி நிறத்தை மாத்தியிருக்கும்னு நானே சொல்லிக்கிட்டேன்." போர்வையின் ஓரத்தை விரலால் நீவினார். தையலைச் சரிபார்க்கிற பழக்கம். "கேக்கறதுக்கு வெட்கப்பட்டு, சாகப் பாத்தேன். வெளியில சொல்லிடாதீங்க."

"சட்டையில ஊசியைக் குத்தற தைரியம் உள்ளவங்க, ஆளைக் கேக்க பயந்துட்டீங்களே" என்றான் ரேடியோ. தையல்காரம்மா லேசாகச் சிரித்தார்.

"அதுவும் ஒண்ணு இருக்கு தம்பி. அவருக்குச் சட்டை நான்தான் தைக்கிறேன். கொஞ்ச நாளா பட்டனை ஒரு காஜா தள்ளிப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. நான் தச்ச சட்டை. எனக்கு உடம்பே கூசும். ஆனா ஒரு பெரிய மனுஷன்கிட்ட உங்க பட்டன் சரியில்லன்னு எப்படிச் சொல்றது?"

"யாரும் சொல்லலையா?"

"எல்லாரும் என்னைப்போலத்தான் இருந்திருப்பாங்க."

வெளியே வந்ததும் ரேடியோ கேட்டான். "பட்டனுக்கும் கொலை முயற்சிக்கும் என்ன சம்பந்தம் டீச்சர்?"

டீச்சர் வண்டியின் கதவைத் திறந்தார். "குடோனுக்குப் போ."

*

மொத்த வியாபாரியின் குடோன் தெருக்கோடியில் இருந்தது. அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றின் நடுவே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. மொத்த வியாபாரி உயரமான மனிதர். வலது மணிக்கட்டில் வளையல்போல ஏழெட்டு ரப்பர் பேண்ட்.

"பிழைப்பே போச்சுன்னு சொன்னாங்க. சரக்கு மலைமாதிரி இருக்கே சார்" என்றான் ரேடியோ.

"யார் சொன்னது? வியாபாரம் அமோகம்" என்றார் அவர். "ஒரு கம்பெனி போனா ஒன்பது கம்பெனி. உக்காருங்க. இடம்தான் இல்ல."

"பரவால்ல, நான் சாஞ்சுக்கறேன்" என்று ரேடியோ ஒரு அடுக்கில் சாய்ந்தான்.

அடுக்கு சரிந்தது. அதோடு பக்கத்து அடுக்கும் சரிந்தது. பெட்டிகள் சத்தமே இல்லாமல், காகிதம் பறப்பதுபோல விழுந்து, தரையில் துள்ளி உருண்டன. எல்லாம் காலி. அடுக்குக்குப் பின்னால் வெறும் இரும்பு ரேக்குகள் வரிசையாக நின்றன.

ரேடியோவின் வாயில் ஒரு ஜோக் வந்தது. அதை விழுங்கினான்.

மொத்த வியாபாரி குனிந்து ஒவ்வொரு பெட்டியாகப் பொறுக்கி மறுபடியும் அடுக்க ஆரம்பித்தார். டீச்சரும் குனிந்தார். மூவரும் சேர்ந்து காலிப் பெட்டிகளை அடுக்கினார்கள்.

"என் பெண்டாட்டி மத்தியானம் சாப்பாடு கொண்டு வருவா" என்றார் மொத்த வியாபாரி, அவர்களைப் பார்க்காமல். "அவளுக்கு இன்னும் தெரியாது. காலையில கிளம்பி வந்து இங்க உக்காந்திருப்பேன். சாயங்காலம் பூட்டிட்டுப் போவேன்."

அவர் நாற்காலியில் உட்காரும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"அன்னிக்கு அலமாரியில என்ன செஞ்சீங்க?"

"தூசி தட்டினேன்."

"கையிலயா?"

"துணி இல்ல."

"சார், தூசி தட்டினேன்னு சொன்னா போலீஸ் உங்களைத் தட்டிடுவாங்க" என்றான் ரேடியோ. "வேற ஏதாவது நல்ல பொய்யா வச்சிருக்கீங்களா?"

டீச்சர் கைப்பையைத் திறக்கவில்லை. மேஜைமேல் வெறும் கையை வைத்தார்.

"நான் அந்தக் கடையில இருக்கற பெட்டியெல்லாம் பாத்தேன். ஒரே மருந்து ரெண்டு அளவுல வந்தா, பெரிய அளவுக்கு ரப்பர் பேண்ட் இருக்கு. சின்ன அளவுக்கு இல்ல. எல்லாத் தட்டுலயும் அப்படித்தான். பழைய பெட்டியில ஒண்ணுகூடத் தப்பல. பேண்ட் போட்டது நீங்க."

மொத்த வியாபாரி மணிக்கட்டை மேஜைக்குக் கீழே இறக்கினார்.

"பெட்டி மேலேயே அளவு அச்சடிச்சிருக்கு. விரற்கடை உயரத்துக்கு எழுத்து. அப்படியிருக்க இந்த ரப்பர் பேண்ட் யாருக்கு வேணும்?"

மின்விசிறி சுற்றியது. காலிப் பெட்டி ஒன்று காற்றில் ஆடியது.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் மொத்த வியாபாரி.

"தெரிஞ்சுபோச்சு."

"எனக்குத் தெரியல" என்றான் ரேடியோ.

"நீ சும்மா இரு."

"கும்பிட்டுக் கேக்கறேன், நீங்க வாயைத் திறந்து சொல்லிடாதீங்க" என்றார் மொத்த வியாபாரி. "எங்களுக்குள்ளயேகூட நாங்க அதை வாய்விட்டுப் பேசினதில்லை. ஒரு நாள் ஒரு பெட்டிக்குப் பேண்ட் போட்டு வச்சேன். அவன் தொட்டுப் பாத்தான். சிரிச்சான். அவ்வளவுதான் பேச்சு. வாரா வாரம் நானே சரக்கோட போவேன். வேலையாளை அனுப்ப மாட்டேன். பிரிப்பேன், பேண்ட் போடுவேன், அதது இடத்துல அடுக்குவேன். கம்பெனி நேரடியா அனுப்ப ஆரம்பிச்சப்புறமும் போனேன். வண்டி வர்ற நாள் பாத்துப் போய் நிப்பேன். எனக்கு அதுல ஒரு காசு கிடையாது."

"அந்த வாரம்?"

"நான் சீக்கிரமே போயிட்டேன். வண்டி வரல. பழைய பெட்டியில பேண்ட் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தப்ப அந்த மேனேஜர் வந்தான். கம்பெனி மருந்துல வெளியாள் கைபடக் கூடாதாம். மறுபடி உள்ள நுழைஞ்சா சப்ளையை நிறுத்திடுவானாம். என்னை வெளிய போன்னான்."

"உங்க நண்பர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. என்ன சொல்ல முடியும்? காரணம் சொன்னா எல்லாம் சொல்லணுமே. நான் இறங்கி வந்துட்டேன். வண்டி அப்புறமா வந்திருக்கு."

"நாளைக்கு உங்களை உள்ள வைப்பாங்க. அதுக்கும் சும்மா இருப்பீங்களா?"

"எனக்கு இழக்கறதுக்கு என்ன இருக்கு? நீங்களே பாத்தீங்களே" என்று காலிப் பெட்டிகளைக் காட்டினார். பிறகு குரல் தணிந்தது. "நானும் யோக்கியன் இல்லைங்க. அவனை அப்பவே கடையை விட்டு எழுந்திருன்னு சொல்லியிருக்கணும். அவன் கடை என்னோட பெரிய ஆர்டர். மூடிட்டா எனக்கு நஷ்டம். நட்புன்னு சொல்லிக்கிட்டேன். பாதி நட்பு. பாதி வியாபாரம். அந்தத் தையக்காரம்மா கிடக்கறதுல என் பங்கும் இருக்கு."

"நாளைக்குப் பத்து மணிக்கு அங்க வாங்க" என்றார் டீச்சர் எழுந்துகொண்டே.

வண்டியில் ரேடியோ கொஞ்ச தூரம்வரை பேசவில்லை. அதுவே ஒரு சாதனை.

"டீச்சர், கைப்பையில என்ன?"

டீச்சர் பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தார். ரோஸ் கோடு போட்ட பெட்டி. ஐந்து எம்.ஜி. என்று பெரிதாக இருந்தது. கம்பெனியின் சீல் அப்படியே இருந்தது.

"கீழ்த்தட்டுல, ஒரு எம்.ஜி. வரிசையில இருந்துச்சு. இது மேனேஜர் அனுப்பின புதுச் சரக்கு. சீல் உடையல."

"சீல் உடையலன்னா உள்ள யாரும் கைவைக்கல. பெட்டியைத் தப்பான இடத்துல வச்சிருக்காங்க, அவ்வளவுதான்." ரேடியோ நிமிர்ந்தான். "வண்டி வர்றதுக்கு முன்னாடியே மொத்த வியாபாரியைத் துரத்தியாச்சு. அப்ப வச்சது கடைக்காரரே! இத்தனை வருஷ அனுபவம், இவ்வளவு பெரிய எழுத்து, இது எப்படி..."

"அதை அவரே சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"இந்தப் பெட்டியை எல்லார் முன்னாடியும் அவர் கையில குடுத்து, இது எத்தனைன்னு கேக்கணும்." டீச்சர் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஒரு கேள்விதான். கேஸ் முடிஞ்சிடும். ஆனா அதை நினைச்சாலே எனக்கு என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல."

ரேடியோவுக்குப் புரியவில்லை.

*

பத்துக்குச் சற்று முன்னாலேயே ஏரியா மேனேஜர் வந்துவிட்டார். சின்ன வயது. கழுத்தில் அடையாள அட்டை. கண்ணாடிப் பலகைமேல் புகாரை விரித்து, பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

"இந்த ஏற்பாடே எதுக்காகக் கொண்டு வந்தோம்?" என்றார் எல்லோரையும் பார்த்து. "ஃபேக்டரியிலேர்ந்து நேரா கடைக்கு. நடுவுல ஒரு கைகூடப் படக் கூடாது. நடுவுல கை இருந்தாத்தான் கலப்படம், தில்லுமுல்லு எல்லாம். இப்ப பாருங்க, வெளியேத்தினப்புறமும் அந்தக் கை உள்ள வந்து வேலையைக் காட்டியிருக்கு."

"உங்க வண்டிக்காரர் மருந்தை எங்க வைப்பார் சார்?" என்று கேட்டான் ரேடியோ.

"வாசல்ல இறக்குவார். மெஷின்ல கைரேகை வாங்கிக்குவார். போயிடுவார்."

"அலமாரியில வைக்க மாட்டாரா?"

"அது எங்க வேலை இல்லையே."

மகள் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். மொத்த வியாபாரி வந்து கடைக்குள் ஏறாமல் படிக்குக் கீழேயே நின்றார். மகள் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். அது பாதியில் நின்றது.

"ஐயா, நல்லாப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றார் மேனேஜர்.

கடைக்காரர் சட்டைப்பையைத் தடவினார்.

"கண்ணாடியை வீட்டுல வச்சுட்டேன்போல."

"ஐயா, அது உங்க நெத்தியிலதான் உக்காந்திருக்கு!" என்றான் ரேடியோ. "கண்ணு ரெண்டும் கீழே இருக்கு, கண்ணாடி மாடியில குடியிருக்கு!"

அவன் மட்டும் சிரித்தான். மேனேஜர் புன்னகை செய்தார். டீச்சர் சட்டென்று ரேடியோவின் கையைப் பிடித்தார், வலிக்கிற அளவுக்கு. ரேடியோ டீச்சரைப் பார்த்தான். டியூப் லைட்டைப் பார்த்தான். ஒரு காஜா தள்ளிப் போட்டிருந்த பட்டனைப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்திலேயே காய்ந்துபோனது. அதன்பிறகு அன்று முழுவதும் அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

கடைக்காரர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். காகிதத்தின்மேல் குனிந்தார். படிப்பதுபோலத் தலையை இடமிருந்து வலமாக அசைத்தார். ஒரு வரி. இன்னொரு வரி. காகிதத்தில் எழுத்து முடிந்த இடத்துக்கு வெகு கீழேயும் தலை அசைந்துகொண்டிருந்தது.

டீச்சரின் கை கைப்பைக்குள் போனது. பெட்டியின் மூலை விரலில் பட்டது. எடுக்கவில்லை. இன்னும் ஒரு நிமிடம் கொடுப்போம் என்று நினைத்தார்.

"நான் படிச்சுக் காட்டட்டுமா ஐயா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் படித்தார். "எனது முன்னாள் சப்ளையரான மேற்படி நபர், வியாபாரம் இழந்த ஆத்திரத்தில், என் கடைக்குள் அனுமதியின்றி நுழைந்து, நோயாளிகளுக்குக் கேடு விளைவிக்கும் நோக்கத்துடன் மருந்துகளை மாற்றி வைத்தார் என்பதை..."

"போதும்" என்றார் கடைக்காரர்.

"இதுதான் நடந்ததா?"

அவர் பேனாவை எடுத்தார். பேனா முனை காகிதத்தின்மேல் அலைந்தது. நடுவில் ஒரு வரியின்மேலேயே போய் உட்காரப் பார்த்தது.

"இங்க இல்ல சார், கீழ" என்றார் மேனேஜர். "கோடு போட்டிருக்கே, அங்க."

பேனா இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. கோடு வேறு பக்கம் இருந்தது.

"கோட்டு மேல சார்."

அப்போது மொத்த வியாபாரி படியேறி உள்ளே வந்தார். மேனேஜர் தடுக்கக் கை நீட்டினார். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மேஜைக்குப் பின்னால் வந்து, வாரா வாரம் நிற்கிற இடத்தில் நின்று, நண்பனின் மணிக்கட்டைப் பிடித்தார். காகிதத்தின் கீழே, வலது ஓரத்தில், தன்னைச் சிறைக்கு அனுப்பும் கோட்டின்மேல் அந்தக் கையைக் கொண்டுபோய் வைத்தார்.

"இங்கடா" என்றார். "போடு."

கடைக்காரரின் விரல்கள் பேனாவை விட்டுவிட்டு நண்பனின் மணிக்கட்டைத் தொட்டன. அங்கிருந்த ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவின.

பேனா உருண்டு தரையில் விழுந்தது.

டீச்சர் கைப்பையை மூடினார்.

"இவன் ஒண்ணும் செய்யல" என்றார் கடைக்காரர். "மாத்திரையைத் தப்பாக் குடுத்தது நான். பெட்டியில பேண்ட் இருந்தா பெருசு, இல்லேன்னா சின்னது. அதுதான் எங்க கணக்கு. புதுசா வந்த பெட்டியில எதுலயும் பேண்ட் இல்ல. எல்லாத்தையும் ஒண்ணுன்னு நினைச்சு வச்சுட்டேன். அந்தம்மா ஆஸ்பத்திரியில சேர்ந்த அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரல. இவன் மேல பழி விழுந்துச்சு. இவன் சும்மா இருந்தான். அதனால நானும் சும்மா இருந்துட்டேன்."

"பேண்டா?" மகள் முன்னால் வந்தாள். "என்னப்பா பேசறீங்க? பெட்டி மேலேயே அஞ்சுன்னு இவ்வளவு பெருசா போட்டிருக்கே. அதைப் பாக்காம எதுக்குப் பேண்டைத் தடவிப் பாத்தீங்க?"

அவர் மகளின் குரல் வந்த பக்கம் திரும்பினார். அவளுடைய முகத்தைத் தேடினார். அவளுடைய காதில் போய் அந்தப் பார்வை நின்றது.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா" என்றார்.